விடைபெறாத வீராங்கனைக்கு விரித்த பொன்னாடை

அன்போடு இந்த அவையை நடத்தும் நம் சங்கத் தலைவர் நாகேந்திரம் ஐயா அவர்களே! காலி வீதி நெரிசலைக் கடந்து வெள்ளவத்தைக்கு வந்து அமர்ந்திருக்கும் பெரியோரே! மடியில் மழலைகளோடு செவிசாய்க்கும் தாய்மாரே! மேடையின் நடுவே வீற்றிருக்கும் நம் டென்னிஸ் சம்பியன் சுபோதினி அக்கா அவர்களே! அக்காவோடு பந்தடித்துப் பழகும் பத்தாம் தர மாணவி மிதுனாவின் பணிவான வணக்கம்.

அஞ்சி அஞ்சித்தான் மேடை ஏறினேன். பாராட்ட வந்தவள் ஏன் அஞ்ச வேண்டும்? சொல்கிறேன்.

பதினாறு வயதில் பாடசாலைக் கிண்ணத்தை வென்றவர் யார்? பத்தொன்பது வயதில் இந்த நாட்டின் மகளிர் சம்பியன் ஆனவர் யார்? ஆனபின்னும் ஆறாத ஆவலோடு அதே மகுடத்தை இன்னும் நான்கு முறை சூடியவர் யார்? தெற்காசிய மேடையில் வெள்ளி வாங்கிய வேளையில், வீங்கிய மணிக்கட்டை மறைத்துக்கொண்டு சிரித்தவர் யார்? எல்லாம் இவர்தான்!

கைதட்டுகிறீர்கள். நன்றி. ஆனால் அவர் மூன்றாம் முறை வென்ற நாளை நினைத்துப் பாருங்கள். கடைசி செட்டில் அக்கா ஒன்று, எதிரி டெனிஷா ஐந்து. இன்னும் ஒரு கேம் போனால் எல்லாம் முடிந்தது. நம் சங்கத்தார் என்ன செய்தார்கள்? "டிராபிக்குக்கு முதல் வெளிக்கிடுவம்" என்று எழும்பிப் போனார்கள். போகிற வழியில், "பிள்ளை தோத்திட்டா" என்று அவர் வீட்டுக்குப் போனும் எடுத்தார்கள். அக்கா வீட்டில் ஆறுதல் சொல்ல ஆட்கள் கூடி, தேத்தண்ணியும் குடித்து முடிக்கும்போது, கிண்ணத்தோடு கதவைத் தட்டியவர் யார்?

சிரிக்கிறீர்கள். தலைவர் ஐயாவும் சிரிக்கிறார். அன்று சங்கத்தார் போன வான் வண்டியின் முன் சீட்டில் இருந்தவர் அவர்தான்!

பின்வரிசையில் யாரோ, "கதையைச் சுருக்கு பிள்ளை" என்கிறார்கள். சுருக்குகிறேன் மாமா. அன்று முடியுமுன்னே எழும்பினோம். இன்று என்ன செய்கிறோம்? இருபத்தெட்டு வயதுக்காரிக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது! விளையாட்டிலிருந்து விடைபெறுகிறார் என்று பொன்னாடை! குழந்தை பிறந்தால் குதிக்கும் கால் நின்றுவிடுமா? தொட்டில் ஆட்டும் கை டென்னிஸ் மட்டையை மறந்துவிடுமா?

அக்கா விடியலில் பயிற்சி செய்கிறார். அவர் கணவர் கிஷாந்த் அண்ணா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பந்து பொறுக்குகிறார். திங்கட்கிழமை தொடங்கும் தேசியப் போட்டிக்குப் பெயரும் கொடுத்தாயிற்று. "வீட்டில சொல்லிட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன். "அம்பயரோட எத்தினை தரம் வாதாடியிருப்பன்! மாமிக்கு முன்னால வாய் வருகுதில்லையடி" என்றார். நீ சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. ஆகவே சொல்லிவிட்டேன்.

இந்தப் பொன்னாடை இன்று அவர் தோளில் விழுந்தால், திங்கட்கிழமை அவர் மைதானத்தில் இறங்க முடியாது. பெரியவர்களின் சொல்லை மீறினாள் என்று ஊர் பேசும். அதுதான் என் அச்சம்.

முன்வரிசையில் அக்காவின் மாமியார் எழும்புகிறார். சொல்லுங்கள், சிவக்கொழுந்து அன்ரி.

"விளையாடட்டும். நான் மறிக்கிறன் எண்டு ஆர் சொன்னது? ஆனா தோத்தா? இவ்வளவு பேரும் கதைப்பினமே!"

அன்ரி, தோற்றவர் தானே வலையடிக்கு நடந்துபோய் எதிரிக்குக் கை கொடுப்பது டென்னிஸின் வழக்கம். ஆட்டம் முடிந்ததற்கு அதுதான் அடையாளம். தோற்றால் அக்கா தன் காலாலே நடந்துபோய்த் தன் கையைத் தானே கொடுப்பார். அவருக்கு முன்னே ஓடிப்போய், அவருக்காகக் கை கொடுக்க நாங்கள் யார்?

ஐயா பொன்னாடையோடு நிற்கிறார். அக்கா அவரிடம் ஏதோ சொல்கிறார். உங்களுக்குக் கேட்கவில்லையா? மைக்கை அருகே பிடிக்கிறேன். இன்னொரு தரம் சொல்லுங்கள் அக்கா.

"இப்ப வேண்டாம் ஐயா. மடிச்சு வையுங்கோ."

அஞ்சி வந்தவளை அரவணைத்துக் கேட்ட அவைக்கு என் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.