மேனேஜருக்கு வயசு நாலு

இதுக்குப் பேரு ஜோடியாம்மா? இடது காலுக்கு சிவப்பு, வலது காலுக்கு நீலம்... சரி சரி, வை. ஆயா வேலைக்கு வந்த மொத நாளு, உன்னைச் சொல்லிக் குத்தமில்லை. மேனேஜர் இருந்தவரைக்கும் இந்த நர்சரியில ஒரு செருப்பு மாறினதில்லை. இருபத்திரண்டு பிள்ளைங்க. எது யாருதுன்னு பாக்காமலே சொல்லுவா.

எந்த மேனேஜரா? அட, நாலு வயசுப் பொண்ணும்மா. மூக்கை ஒழுகவிட்டுக்கிட்டு நிப்பா. நான்தான் அப்படிக் கூப்பிடுவேன்.

எல்லாம் அந்த ஃபாரத்தால வந்த வினை. மேலிடத்துலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. டை கட்டிக்கிட்டு. "உங்க வகுப்புல அபாரத் திறமை உள்ள குழந்தை ஒண்ணு இருக்கும், கண்டுபிடிங்க"ன்னு ஆளுக்கொரு ஃபாரத்தைக் குடுத்தாரு. கண்டுபிடிக்க அதென்ன காணாமப் போன குடையா? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு எங்களுக்கு ரெண்டு மணி நேரம் பாடம் வேற! அந்த மாதிரிப் பிள்ளை ஓயாம கேள்வி கேக்குமாம். சொன்ன பேச்சு கேக்காதாம். சீக்கிரம் சலிச்சுக்குமாம். "எங்க வீட்டுக்காரருக்குக்கூட அத்தனையும் இருக்கு, அவர் பேரை எழுதவா"ன்னேன். முறைச்சாரு.

பக்கத்து வகுப்பு டீச்சர் என்ன பண்ணா தெரியுமா? கோட்டுக்குள்ள கலர் அடிக்கிற பிள்ளை பேரைக் குடுத்தா. இன்னொருத்தி, அழாத பிள்ளையை. ஏண்டின்னா, "தொந்தரவு பண்ணாம இருக்குறதே திறமைதானே"ங்கிறா! அம்மாக்காரிங்க அதுக்கு மேல. ஒருத்தி, தன் பையன் வயித்துக்குள்ளயே தாளம் போட்டானாம். போட்டிருப்பான். இப்ப பக்கத்துப் பிள்ளை முதுகுல போடுறான்.

...ம்? மேனேஜர் பேரைக் குடுத்தேனாவா? இரு, வரேன். என்ன அவசரம்?

எனக்குத் தெரியாதா? ஃபாரத்துல எந்தக் கேள்வியைப் படிச்சாலும் அவ மூஞ்சிதான். டிபன் பாக்ஸ்ல ஒட்டின பேரைப் படிச்சுப் படிச்சு அவதான் எடுத்துக் குடுப்பா. எவனுக்கு ஒண்ணுக்கு முட்டுதுன்னு முகத்தைப் பாத்தே சொல்லுவா. சண்டைன்னா தீர்ப்பு அவளுது. நான் கொஞ்சம் கண்ணசந்தாக்கூட வகுப்பு ஓடும். ஆனா பேரைக் குடுத்தா? அடுத்த தெருப் பெரிய பள்ளிக்கூடத்துல தனி வகுப்புக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் இந்த வானரக் கூட்டத்தோட நான் ஒருத்தியா மல்லுக்கட்டணும். இந்த முட்டிவலியை வச்சுக்கிட்டு!

அதனால... என்ன, அப்படிப் பாக்குறே? நீயா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பே. அவ பேருக்கு நேரா எல்லாத்துக்கும் "இல்லை"ன்னு போட்டேன். வரிசையா.

வீட்டுக்குப் போற நேரம். அவங்கம்மா வந்து நிக்குது. இவ மேஜை மேல தாடையை ஊனிக்கிட்டு ஃபாரத்தையே பாக்குறா. அப்புறம் சத்தமாப் படிச்சா. மொதல்ல தன் பேரை. அப்புறம், "எழுத்துக் கூட்டிப் படிக்குமா? இல்லை."

அந்தம்மா திட்டியிருந்தாத் தேவலை. ஃபாரத்தை எடுத்து மடிச்சுப் பையில வச்சுது. நேரா மேலிடத்துக்குப் போயிருக்கு. மறுவாரமே பெரிய பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு.

அந்தக் கழுதை... அன்னிக்கு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி ஓடி வந்து, என் பேனாவுக்கு மூடியை மாட்டி வச்சிட்டுப் போச்சும்மா.