குழிக்கு மேலே ஒரு வண்டி

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டரை மணி.

இப்போது நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இருட்டெல்லாம் இல்லை. நல்ல வெயில். புறவழிச் சாலையில் ஈ காக்கை கிடையாது. வரிசையாக எல்லாக் கடைகளும் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. ஒரு ஒர்க்ஷாப் மட்டும் பாதி திறந்திருந்தது. உள்ளே என் சகலை.

மெக்கானிக். இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. தரையில் ஆள் உயரத்துக்கு வெட்டிய குழி, அதன் மேலே ஒரு பழைய டீசல் கார். எஞ்சினுக்குக் காற்றூதும் டர்போவில் எண்ணெய் ஒழுகுகிறது என்று மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. இரண்டு தடவை, ஒழுகாமல் மூட்டில் வைக்கிற கேஸ்கெட்டை மாற்றியாயிற்று. நாலு நாள் ஓடும். பிறகு அதே கருகிய எண்ணெய் வாடை.

"இன்னொரு தடவ இது திரும்பி வந்துச்சுன்னா, அது பின்னாடியே நீயும் கிளம்பிடு" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

வண்டியின் டிரைவர் கூடவே இருந்தார். சகலை குழிக்குள் நின்று தலைக்கு மேலே டார்ச் அடித்துப் பார்ப்பார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். "ரேஸ் குடு." உறுமும். "போதும்." அடங்கும். எஞ்சின் வேகம் எடுத்தால்தான் ஒழுகும் இடம் தெரியும். ஒற்றை ஆளால் ஆகாத வேலை.

அன்றைக்கு எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை. இன்னொரு கேஸ்கெட் வாங்கி வரச் சொல்லி டிரைவரை அனுப்பினார். சூடு ஆறக் கூடாதென்று எஞ்சினை ஓடவிட்டு, குழிச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார்.

கதவு சாத்தும் சத்தம். தலைக்கு மேலே ஸ்பிரிங் அமுங்கி முனகியது.

"வந்துட்டியா? ரேஸ் குடு."

உறுமியது.

"இன்னும்."

இன்னும்... வேண்டிய அளவுக்கு மட்டும். பழகிய கால்.

பாக்கெட்டில் போன் அடித்தது. டிரைவர்.

"அண்ணே, இந்தக் கடை பூட்டியிருக்கு. டவுனுக்குப் போய்ப் பாத்துட்டு வரேன். நேரமாகும்ணே."

ஏன் ஓடவில்லை என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். "எங்க ஓடுறது சகல? படி ஏறினா டிரைவர் கதவுதான் மூஞ்சிக்கு நேரா வரும். அதோட... உடம்புல தெம்பு இல்ல."

போனை வைத்துவிட்டு அசையாமல் நின்றார். மேலே எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது, காத்திருப்பது போல. ஒழுகும் இடம் இன்னும் தெரியவில்லை. நாளைக்கு வேலை இருக்க வேண்டும். மிதிக்க ஓர் ஆள் வேண்டும்.

டார்ச்சைத் தூக்கினார். "ரேஸ் குடு" என்றார். எஞ்சின் சத்தத்தில் எடுபடவில்லை. மறுபடி சொன்னார்.

கொடுத்தது.

அப்போதுதான் கண்ணில் பட்டது. டர்போவில் ஒரு கோளாறும் இல்லை. அதற்கு எண்ணெய் கொண்டுவரும் குழாயின் தலையில், செம்பு வாஷர் ஓரத்தில், மயிரிழை போலப் பீச்சியது. வழிந்து கீழே வந்து இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறது.

"ஆஃப் பண்ணு."

சாவி திரும்பும் சத்தம். எஞ்சின் நின்றது. மேலே ஆள் இருந்தால் மூச்சாவது கேட்க வேண்டும். கேட்கவில்லை.

பழைய வாஷரைக் கழற்றிவிட்டு, குழி ஓரத்து டப்பாவிலிருந்து புதுசு ஒன்றை எடுத்துப் போட்டு ஸ்பேனரால் இறுக்கினார். விரல் பொசுங்கியது. தெரியவில்லை.

"ஸ்டார்ட் பண்ணு... ரேஸ் குடு... இன்னும்... போதும்."

துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை. வேலை தப்பித்தது.

"ஆஃப் பண்ணு."

நின்றது. குழித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பழக்கம் பாருங்கள்... வாய் தானாகச் சொன்னது.

"அவ்வளவுதான்பா. முடிஞ்சுது."

ஸ்பிரிங் முனகியது. கதவு திறந்தது.

"கால் மரத்துப்போச்சுண்ணே. நானும் கீழ வந்து உக்காரட்டுமா?"