நீர்மாலைப் பாதை

இரவு பத்தேகால். அனுமந்தன்பட்டிக்கு வெளியே, ஆற்றுமேட்டில் போய் முடிகிற கிராவல் சாலை. வீடு இல்லை. விளக்கு இல்லை. எங்கள் ஜீப்புக்கு முன்னால் ஒரு டிராக்டர் நின்றது. பின்னால் ஒரு டிராக்டர். ஜீப் சாவி பஞ்சம்மாளின் முந்தானை முடிச்சில் இருந்தது.

மாலை நான்கு மணியிலிருந்து இப்படித்தான். செய்தித்தாளில் இதைச் சிறைபிடிப்பு என்று எழுதுவார்கள்.

புதிதாக மனைப்பிரிவு போடுகிற நிலத்தை ஆய்வு செய்து ஒப்புதலுக்கு எழுதுவது என் வேலை. இந்த மேட்டில் எண்பத்து நான்கு மனைகளுக்கு விண்ணப்பம் வந்திருந்தது. பொன்கரை நகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் ஊர். மறுபக்கம் நாற்பதடிச் செங்குத்துச் சரிவு, கீழே முல்லைப் பெரியாறு. மேட்டைச் சமப்படுத்திச் சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள்.

படிவத்தில் ஆறாவது கேள்வி: மனையிடத்தின் குறுக்கே மக்கள் பயன்படுத்தும் பாதை உண்டா?

'இல்லை' என்று எழுதியிருந்தேன். கையெழுத்துப் போடுவதற்குள் டிராக்டர்கள் வந்துவிட்டன.

பாதை உண்டு என்றது ஊர். நீர்மாலைப் பாதை. ஒருவர் இறந்தால் அவருடைய மகன்கள் அந்த வழியாக ஆற்றுக்கு இறங்குவார்கள். குளித்து, ஈர வேட்டியோடு குடத்தில் தண்ணீர் எடுத்து வருவார்கள். நான்கு பேர் தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து வருவார்கள். சங்கு முன்னால் போகும். குடத்தை வழியில் தரையில் இறக்கக் கூடாது. அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டிய பிறகுதான் இறந்தவர் வீட்டைவிட்டுப் போகலாம்.

இதெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சின்னமனூர்க்காரன். ஆனால் சர்வேயர் வரைந்த புலப்படத்தில் அப்படி ஒரு கோடு இல்லை. படத்தில் இல்லாததைத் தரையில் தேடும் பழக்கம் எனக்கு இல்லை.

தாசில்தார் காலையில்தான் வருவார் என்று சொல்லிவிட்டார்கள். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினார்கள். இருபது பேர் இருக்கும். நானும் டிரைவர் தங்கப்பாண்டியனும் நடுவில். ஜீப்பின் பின் இருக்கையில் என் சாமான்கள் கிடந்தன. அளவு நாடா, குடை, சாப்பாட்டுப் பை, மத்தியானம் எவனோ கம்பிக்கு மேலே நீட்டிவிட்டுப் போன ஒரு பித்தளைக் குடம்.

டீ வந்தது. பஞ்சம்மாள் வார்டு மெம்பர். ஐம்பது வயது இருக்கும். தூக்குவாளியிலிருந்து அவளே ஊற்றினாள்.

"டிரைவர் தம்பிக்குக் குடு. சாருக்கு வேணாம். சாரு படத்துல டீ போட்டிருக்கா என்னன்னு தெரியல."

சிரித்தார்கள்.

"அரசு ஊழியர வேலை செய்யவிடாமத் தடுக்கிறீங்க. கேஸ் ஆகும்" என்றேன்.

"ஆகட்டும். கம்பி போட்ட பெறகு ஊருல மூணு சாவு. மூணுக்கும் டேங்க் தண்ணி. வீட்ல எங்க மாமியா இழுத்துக்கிட்டுக் கெடக்கு. அதுக்கும் டேங்க் தண்ணிதானா? நீயே சொல்லு."

"புலப்படத்துல இல்லம்மா."

"ஒங்காத்தாளுக்கு எங்கன எடுத்த?"

 அம்மாவுக்குத் தெருக்குழாயில் எடுத்தோம். சின்னமனூரில் ஆற்றுக்குப் போகிற சந்தை அடைத்துக் கடைகள் கட்டிவிட்டார்கள்.

தீக்கு அந்தப் பக்கம் கருத்தக்கண்ணன் இருந்தான். முன்னால் நின்ற டிராக்டர் அவனுடையது. நாற்பது வயது. ஒரு குச்சியால் தீயைக் கிளறிக்கொண்டே கேட்டான்.

"ஈஸ்வரபாண்டியத் தெரியுமா சார்?"

தெரியும். எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்தவர். இந்தக் கோப்பு முதலில் அவரிடம்தான் போனது. அவருடைய குறிப்பு உள்ளே இருக்கிறது. ஒரே வரி. பாதை இல்லை. அதன்பிறகு விடுப்பில் போனார். பதினோரு மாதமாக விடுப்பு. ஏன் என்று அலுவலகத்தில் யாரும் சொல்வதில்லை. மறு ஆய்வு என்று போட்டுக் கோப்பு என் மேசைக்கு வந்தது.

"நம்ம சேக்காளி ராக்கப்பனோட சகலை அவுக. ராக்கப்பன்கிட்ட அவுக வாயால சொன்னது. நான் ஒண்ணும் சேக்கல, கொறைக்கல" என்றான் கருத்தக்கண்ணன்.

அவன் சொன்னது இது.

போன ஆடி. பகல் பன்னிரண்டு மணி. ஈஸ்வரபாண்டி தனியாக வந்தார். பைக்கை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு இந்தச் சாலையில் நடந்தார். ஆடி மாதம்... காற்று பேயாய் அடிக்க வேண்டிய மாதம். அன்றைக்கு ஒரு இலை அசையவில்லை. ஆற்றுப் பக்கக் கம்பி ஓரமாக நின்று மனைக்கற்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

முதலில் வாடை வந்தது. நனைந்த துணி... ஆற்றுச் சேறு... கொஞ்சம் சாம்பிராணி.

பிறகு சங்கு. ஒரு தரம். நின்றது. மறுபடி ஒரு தரம். சரிவுக்குக் கீழே இருந்து.

ஊரில் சாவு இல்லை என்று அவருக்குத் தெரியும். வரும்போதுதான் டீக்கடையில் பேசிவிட்டு வந்தார்.

வெள்ளைத் துணிதான் முதலில் மேலே ஏறி வந்தது. நான்கு மூலையிலும் நான்கு பேர். துணிக்குக் கீழே ஒருவன், தோளில் குடம். ஐந்து பேரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். நடந்து வந்த மண் நனையவில்லை.

கம்பி வரைக்கும் வந்தார்கள். நின்றார்கள்.  கம்பியைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள். குடம் வைத்திருந்தவன் அதைக் கம்பிக்கு மேலே நீட்டினான்.

வாங்கிக்கொண்டார்.

"நம்ம பக்கத்து ஆளு யாரா இருந்தாலும் வாங்கிருவாக" என்றான் கருத்தக்கண்ணன். "கீழ எறக்கக் கூடாதுல்ல. கை தானாப் போயிரும்."

அவர்கள் தாண்டி வரட்டும் என்று ஒரு கையால் கம்பியைத் தூக்கிப் பிடித்தார். குனிந்து நிமிர்ந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. சரிவு மட்டும்.

குடத்தை ஒரு மனைக்கல் மேல் வைத்தார். படிவத்தில் பாதை இல்லை என்று எழுதினார். கிளம்பிப் போய்விட்டார்.

"கொடத்தத் தூக்குறவன் யாரு சார்? மகன். செத்தவரோட மகன்."

ஈஸ்வரபாண்டி பதறிக்கொண்டு உத்தமபாளையம் வீட்டுக்குப் போனார்; அவருடைய அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல உடம்பு. மகனைப் பார்த்துச் சிரித்தார். ஈஸ்வரபாண்டிக்கு உயிர் வந்தது. அன்று இரவு இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணி. பேசிக்கொண்டிருந்த மனிதர் பாதியில் நிறுத்தினார். எழுந்து கொல்லைக்குப் போனார். சட்டையைக் கழற்றினார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

தண்ணி வந்துருச்சா, என்று கேட்டார்.

அன்றைக்கு உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. உள்ளே தூக்கிப் போட்டால் மறுபடி வந்து உட்காருகிறார். சாப்பாடு இல்லை. தூக்கம் இல்லை. டாக்டர் பார்த்தார். நாடி இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. உடம்பு மட்டும் தரை மாதிரி சில்லென்று இருக்கிறது. குழாய்த் தண்ணீர் ஊற்றினார்கள். ஆற்றிலிருந்து எடுத்து வந்தார்கள். சுருளிக்குப் போய் அருவித் தண்ணீர் பிடித்து வந்தார்கள். ஒவ்வொன்றையும் மோந்து பார்ப்பார்.

இது இல்லடா.

கருத்தக்கண்ணன் குச்சியைத் தீக்குள் போட்டான்.

"அந்தக் குடம்?" என்று தங்கப்பாண்டியன் கேட்டான். டீயை அவன் குடிக்கவே இல்லை.

"மறுநாளே ஓடியாந்து பாத்தாக. கல்லு இருந்துச்சு, கொடம் இல்ல. இருந்தாலும் எந்த வழியாக் கொண்டு போக? பாதை இல்லன்னு அவுகதான எழுதுனாக. பெரியவரு போகவும் முடியாம, இருக்கவும் முடியாம... பதினோரு மாசம்."

 எனக்கு எரிச்சலாக வந்தது. நோயாளி ஒருவரை வைத்து இவர்கள் என்னை மிரட்டுகிறார்கள்.

"நல்லாத்தான் ஜோடிச்சிருக்கீங்க. மத்தியானம் ஆளவிட்டுக் குடத்த நீட்டுனதும் இதுக்குத்தானா?" என்றேன்.

யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"என்ன கொடம்?" என்றாள் பஞ்சம்மாள்.

சொன்னேன். மூன்று மணி. ஆற்றுப் பக்கக் கம்பி. நான் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈர வேட்டியோடு ஒரு ஆள் அந்தப் பக்கம் வந்தான். முகம் பார்க்கவில்லை. கொஞ்சம் புடிங்க என்று குடத்தை நீட்டினான். கம்பி தாண்டத்தான் கொடுக்கிறான் என்று வாங்கினேன். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. எரிச்சலோடு கொண்டுவந்து ஜீப்பில் வைத்தேன்.

"ஆத்துப் பக்கமா?" பஞ்சம்மாளின் குரல் இறங்கியிருந்தது. "அங்கன கால் வைக்க எடமேது? ஆத்துக்கு எறங்குற படியத்தான் போன வருசமே ஜேசிபி வச்சு வெட்டித் தள்ளிட்டானுகளே."

நான் தங்கப்பாண்டியனைப் பார்த்தேன்.

"அங்க நீங்க மட்டும்தான் நின்னீங்க சார். குடத்தோட வந்தீங்க. ஊருல வாங்குனீங்கன்னு நெனச்சேன்."

"தரையில எறக்குனீகளா?" கருத்தக்கண்ணன் எழுந்து நின்றான். முதல் தடவையாக அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"இல்ல. சீட்டுலதான் வச்சேன்."

"தரையில படலையே?"

"இல்லைங்கிறேன்ல."

அவன் டார்ச்சை ஜீப்புக்குள் அடித்தான். பக்கத்தில் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே அடித்தான்.

குடம் இருக்கையில் நேராக நின்றது. கழுத்துவரை தண்ணீர். மேட்டுக்கு வருகிற சாலை முழுக்கக் குழி. மூன்று மணிக்குப் பிறகு மேட்டின் மூன்று மூலைக்கும் ஜீப்பை ஓட்டிப் போயிருந்தோம். இருக்கை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. ஜீப் ஆறு மணி நேரமாக நிற்கிறது. தண்ணீர் மட்டும் யாரோ தூக்கி நடப்பதுபோலத் ததும்பிக்கொண்டிருந்தது.

என் அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. காலையில் நான் கிளம்பும்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் மூத்தவன்.

வீட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். லைன் போகவில்லை.

  துவைக்கிற கல்லில் சட்டையில்லாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பது என் கண்ணுக்குள் தெரிந்தது. முதலில் அவருக்கு முகம் இல்லை. பிறகு இருந்தது.

படிவத்தை எடுத்தேன். தங்கப்பாண்டியன் செல்போன் வெளிச்சம் பிடித்தான். ஆறாவது கேள்வி. 'இல்லை' என்பதன் மேல் கோடு போட்டேன். 'உண்டு' என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு சிறு கையெழுத்து, கீழே முழுக் கையெழுத்து, தேதி. பஞ்சம்மாளிடம் கொடுத்தேன்.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். ஜெயித்த முகம் இல்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அறுங்கப்பா" என்றாள்.

கருத்தக்கண்ணன் டிராக்டர் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் இருட்டுக்குள் போனான். கம்பி அறுபடும் சத்தம் கேட்டது. டிங்... கொஞ்சம் பொறுத்து டிங்... மூன்றாவது கம்பி கீழே விழுந்து மண்ணில் இழுபட்டது.

அப்போது கேட்டது. சரிவுக்குக் கீழே இருந்து. ஒரு தரம். நின்றது. மறுபடி ஒரு தரம்.

யார் ஊதுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்கள். ஆண்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்கள். தீயை நடுவில் விட்டுவிட்டு எல்லாரும் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு வழி விழுந்தது. கம்பி அறுந்த இடத்திலிருந்து ஊர்ப்பக்கம்வரை நேராக. இத்தனை நேரம் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

நனைந்த துணி வாடை வந்தது.

கருத்தக்கண்ணன் திரும்பி வந்தான். என்னிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றான். கையைக் கட்டிக்கொண்டான். சாவு வீட்டில் மகனிடம் பேசுகிற குரலில் பேசினான்.

"எந்திரிங்க சார். கொடத்த எடுங்க."

போன் அடித்தது. என் மனைவி அனுசுயா.

"போன் போட்டீகளா? மாமாகிட்ட இருந்தேன், எடுக்க முடியல."

"அப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லங்க, நல்லாத்தான் இருக்காக. தூங்கிட்டிருந்தவுக எந்திரிச்சு வாசல்ல வந்து உக்காந்துட்டாக. சட்டையக் கழட்டிட்டாக. புழுக்கமா இருக்கும்போல."

"என்ன சொல்றாக?"

"பெரியவன் நனஞ்சுக்கிட்டு வருவான், துண்டு எடுத்து வையிங்கிறாக." அவள் சிரித்தாள். "ஏங்க... அங்க மழையா?"

மழை இல்லை. வானம் முழுக்க நட்சத்திரம் இருந்தது. போனைப் பிடித்திருந்த கையின் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.