ஓவர்லாக் மிசின் ஸ்ப்ரிங்

இல்லீங்க தம்பி, காப்பியெல்லாம் வேண்டாம். அந்தக் கிட்டாரத் திருப்பிப் போடுங்க, முதுகுப்பக்கத்து மூடியக் கழட்டிப் பாத்தர்லாம். அட, பயப்படாதீங்க. பனியன் மிசினக் கழட்டி மாட்டுன கைதானுங்க இது.

எனக்கு வாசிக்கவெல்லாம் வராதுங்க. எங்கூட்டுப் புள்ள ஒண்ணு பிரவுசிங் சென்டர்ல உக்காந்து படிச்சுப்போட்டு, சித்தப்பா, பழைய கிட்டாருன்னா மொதல்ல அந்த ட்ரெமலோ பிரிட்ஜத்தான் பாக்கோணும்னு பாடம் சொல்லி இங்க தாட்டி உட்டிருக்குது. இந்தக் கைப்பிடிய அமுக்குனா பிரிட்ஜ் சாஞ்சு சத்தம் கீழ எறங்கும், உட்டா உள்ள இருக்கற ஸ்ப்ரிங் இழுத்துப் பழைய சுதியிலயே கொண்டாந்து நிறுத்தோணும். அதானுங்களே? எங்க, ஒருக்கா அமுக்குங்க.

ம். சரியா வந்துருச்சுங்களா? எனக்கென்னமோ சுதிக்குக் கொஞ்சம் அக்கட்டாலயே நின்னுக்கிட்ட மாதிரி கேக்குது. ஆமான்னு நீங்களே ஒத்துக்கறீங்க! ஏனுங்க, இப்படி ஏவாரம் பண்ணுனா காதர்பேட்டை பனியன் சந்தையில ஒரு நாளுத் தாங்குவீங்களா?

இதென்னுங்க, மத்த ஸ்ப்ரிங்கெல்லாம் கறுத்துக் கெடக்குது, இது மட்டும் மினுமினுங்குது? ஓவர்லாக் மிசின் ஸ்ப்ரிங்கா! அதான பாத்தேன், எங்கியோ பாத்த மூஞ்சியாட்ட இருக்குதேன்னு. நாளெல்லாம் பனியன் ஓட்டிப் பழகுனதப் புடிச்சுப் பாட்டுக்கு இழுத்தா எங்கீங்க நிக்கும்?

ஆமா, எதுக்கு விக்கறீங்க? கல்யாணமா! தையிலயா? நல்லதுங்க. கல்யாணத்துக்கும் கிட்டாருக்கும் என்னங்க பகை? ஓ, மாமனாருங்களா. நிச்சயத்தன்னைக்குச் சபையில வெச்சே சொல்லிப்போட்டாரா, இதத் தலைமுழுகிட்டுத்தான் தாலி கட்டோணும்னு? நீங்களும் சரின்னுட்டீங்க. அப்பேர்ப்பட்ட மனுசன நாலு வார்த்த வஞ்சுக்கலாமுங்க, இங்க நாம ரெண்டு பேருதான. மாட்டீங்களா? பொண்ணப் பெத்தவரு, பயம் இருக்கத்தான் செய்யும்ங்கறீங்க. ம். பொழைக்கத் தெரிஞ்ச புள்ளைங்க நீங்க.

ஒண்ணு கேட்டா கோவிச்சுக்காதீங்க. விக்கற சாமானுக்கு யாராச்சும் கம்பியெல்லாம் புதுசா மாட்டுவாங்களா? நேத்துத்தான் மாட்டுனீங்களா. கடைசியா ஒருக்கா நல்லா வாசிச்சுப்போட்டுக் குடுத்தர்லாம்னு.

சித்த இருங்க தம்பி. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. வாங்க வந்தவன் மனசு எளகிப்போனா அப்பறம் நான் எப்படிங்க வெலையக் கொறைச்சுக் கேக்கறது?

சரி உடுங்க, நீங்க சொன்ன வெலைக்கே எடுத்துக்கறேன். வேற ஆளுக்குக் குடுத்துராதீங்க. பேருங்களா? செல்வக்குமாருங்க. ஊரு கணியூரு. ஆமாங்க, உங்க மாமனாரு மருதாசலம் ஊரேதான். தெரியாம என்னங்க, என்ற அண்ணன். கூடப் பொறந்தவரு. நிச்சயத்தன்னைக்கு நான் நூல் விசயமா லூதியானாவுல மாட்டிக்கிட்டேன், அதான் உங்களுக்கு ஆளு தெரியல. அட, எந்திரிக்காதீங்க, கிட்டாரு கீழ உழுந்துரப் போவுது! இன்னும் என்ன அண்ணாங்கறீங்க, மாமான்னு கூப்புடுங்க.

பிரவுசிங் சென்டர் புள்ள யாருன்னு இப்பத் தெரியுதுங்களா? நீங்க கட்டிக்கப்போற கவிப்பிரியாவேதான். பனியன் கம்பெனி ஆயுத பூசையில நீங்க வாசிச்சதக் கேட்டுப்போட்டு வந்து எங்கிட்டத்தான் மொதல்ல சொல்லுச்சு. அதுக்கப்பறம்தான் உங்க சாதகமே கேட்டு வாங்குனது. நீங்க இத விக்கறீங்கன்னு தெரிஞ்சதும் ஒரே அழுவாச்சி. அப்பறம் கண்ணத் தொடைச்சுக்கிட்டு அதுவே ஓசனையும் சொல்லுச்சு. நீங்க வித்தாச்சு, குடுத்த வாக்குத் தப்புல. வாங்குனது பொண்ணூடு. புள்ள ஆசப்பட்டதச் சீர்ல வெச்சா, எங்கண்ணன் சபையில வேண்டாம்னு எப்படிச் சொல்லுவாரு? கட்டலு, பீரோவோட இதுவும் வண்டியேறி உங்கூட்டுக்கே வந்துரும்.

ஆனா அந்த ஸ்ப்ரிங்க மாத்திப்போட்டுத்தான் குடுக்கோணும், சொல்லிட்டேன். நாளைக்கு உங்க சனமெல்லாம் கூடி நின்னு, பொண்ணூட்டுக்காரங்க சீர்ல ஓட்டக் கிட்டாரக் குடுத்து ஏமாத்திப்போட்டாங்கன்னு பேசக்கூடாது பாருங்க மாப்ள.