பதினேழு ஒன்றுகள்

பென்சிலை நான் பிளேடால்தான் சீவுவேன். முனை உடைந்தால் நீண்ட வகுத்தலின் நடுவே கவனம் சிதறிவிடும்.

கல்வராயன் மலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தபோது, பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதி, அது பகா எண்ணா என்று பார்க்கத் தொடங்கினேன். அதை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அது முப்பத்துநான்கால் வகுக்கும்போது ஒன்று மீதி தருவதாகத்தான் இருக்கும். மற்றவற்றைத் தொட வேண்டாம். ஆகவே கையாலேயே செய்யலாம். ஒரு நாளைக்கு மூன்று வகுத்தல். ஓய்வுபெற்றுக் கள்ளக்குறிச்சிக்கு வந்த பிறகும் விடவில்லை. பத்து ஆண்டுகளில் எதுவும் வகுக்கவில்லை. பகா எண்தான் என்று பழைய மாணவர்களிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

என் மனைவி கண்ணகி பழைய நோட்டுகளைச் சரிபார்ப்பாள். எட்டாவது வரை படித்தவள். கணக்கில் நிதானம் அதிகம்.

மாசி மாதத்தில் ஒரு காலை, இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, இட்லி வேகும் நேரத்தில் சென்ற ஆண்டு நோட்டை விரித்தாள். மீதி ஆறு என்று நான் எழுதியிருந்த கணக்கைத் தனித்தாளில் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னாங்க இது, 2071723-ல வகுத்தா மீதியே வரல. கடன் வாங்கிக் கழிக்கற எடத்துல கோட்ட வுட்டுக்கீறீங்க."

தாளை என்னிடம் நீட்டிச் சிரித்தாள். "பத்து வருசமா வாத்தியாருக்கு ஆட்டம் காட்டிட்டு எங்கிட்ட மாட்டிக்கிச்சு. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அப்பறம்தான் இட்லி."

அவள் கண்ட ஈவை அந்த எண்ணால் பெருக்கினேன். ஏழு வரிகளைக் கூட்டியதும் பதினேழு ஒன்றுகள் வந்து நின்றன. அழித்துவிட்டு மறுபடி பெருக்கினேன்.

"இன்னும் ஆவலையா? கை நடுங்குதுங்க. அந்தச் சக்கர டப்பாவ இப்படித் தள்ளுங்க."

"இரு. பெருக்கிக்கினு இருக்கேன்ல."

டப்பா என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. எழுந்து வாசல்வரை நடந்தேன். ஆலைக்குப் போகும் கரும்பு லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே வந்து உட்கார்ந்தேன். மறுபடி பென்சிலை எடுத்தேன். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. மூன்றாம் முறையும் ஒன்றுகள்தான். நோட்டின் மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். எழுப்பினால் மறுபடி கேட்பாள்.

நண்பகலில்தான் ஆட்டோ கூப்பிட்டேன். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்துவிட்டார் போலிருக்கிறது என்றார் மருத்துவர். எங்கள் மகள் கோகிலவாணியும் அப்படியே நம்புகிறாள்.

கண்ணகி மறக்கவில்லை. ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவள் கணக்கு சரி என்பது முதல் பெருக்கலிலேயே எனக்குத் தெரியும். பிறகு பெருக்கியதெல்லாம் டப்பாவைக் கொடுக்காமல் இருப்பதற்காக.

அவளுடைய தாளை எரித்துவிட்டேன். என் நோட்டில் மீதி ஆறு அப்படியே இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், விட்ட இடத்திலிருந்து அடுத்த எண்ணை எடுத்தேன். இதுவரை எதுவும் வகுக்கவில்லை. வகுக்காது என்றுதான் நினைக்கிறேன்.