பஞ்சு படாத பழுப்பு

பெண்கள் செருப்புக்குப் பழுப்பைப் போல ஒத்துவரும் நிறம் வேறில்லை, இன்ஸ்பெக்டர் சார். எந்தச் சேலைக்கும் பொருந்தும், புழுதி படிந்தாலும் தெரியாது. ஆனால் செய்கிறவனுக்கு அது லேசில் பிடிபடாது. துளி சிவப்பு கூடினால் செங்கல், துளி பச்சை கூடினால் சாணி.

2006இல் பல்லடம் சாலையில் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. முதலாளி தண்டாயுதபாணி அதுவரை பனியன் தைத்தவர். என்னை நம்பித்தான் செருப்பில் இறங்கினார். டிசைனரும் நானே, சூப்பர்வைசரும் நானே. பழம்புளியின் நிறத்தில் வார் கேட்டார்கள். ஏழு முறை சாம்பிள் அனுப்பினேன், ஏழும் திரும்பின. எட்டாவது முறை நிறம் சரி என்றார்கள். ஆனால் வாரின் நிறப்பூச்சில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது, இப்படி வந்தால் மொத்தச் சரக்கும் வேண்டாம் என்று எழுதினார்கள்.

ஒட்டியிருந்தது பக்கத்து நிட்டிங் கம்பெனியின் பஞ்சு. திருப்பூரில் பஞ்சு இல்லாத காற்றுக்கு எங்கே போவது? பூச்சு காயுமுன் வந்து உட்கார்ந்துவிடும். ஊசியால் எடுத்தால் தழும்பு விழும். எரிச்சலில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பூச்சு காயும் அறையின் ஜன்னல்களை ஆணியடித்து மூடினேன். எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தினேன். பஞ்சு நின்றது.

அதே அறையில்தான் பன்னிரண்டு பெண்கள் வாருக்குப் பசை தடவினார்கள். பசை கொண்டுவந்த பொன்னுச்சாமி முதல்நாளே சொல்லியிருந்தார்: "ஜன்னலத் தொறந்து வெச்சுப் பண்ணுங்க சார். இந்த வாசம் நரம்பத் தின்னுப்போடும்."

மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஞாபகம் இருந்தது.

மூன்றாம் மாதம் ஒரு காலை வேல்விழி ஒற்றைச் செருப்போடு வேலைக்கு வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது. அவளைப் போல ஒரே சீராகப் பசை தடவ ஆளில்லை. இன்னொரு செருப்பு வழியில் கழன்று விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

"பாதம் மரத்துக் கெடக்கு சார். ஒரு ஜன்னல மட்டும் தொறந்துக்கிறட்டுமா?"

"பத்து நாள் பொறுத்துக்க கண்ணு. சரக்கு போயிறட்டும்."

தலையாட்டினாள். நாலாம் நாள் பஸ் படியில் அவளுக்குக் கால் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்கு நானே காரில் கூட்டிப்போனேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"வேலை செய்யற எடத்துல பசை, பெயிண்ட் ஏதாச்சும் புழங்குதுங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

வேல்விழி வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: "அதெல்லாம் இல்லீங்க. வெறும் தையல் வேலைதான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, வேலைக்குப் போகலாம் என்றார். மறுநாள் அவளை அதே இடத்தில் உட்கார வைத்தேன். பழக்கமான கை, மாற்றினால் வேலை கெடும்.

சரக்கு குறித்த நாளில் போனது. அதற்குள் இன்னும் நாலு பெண்கள் சுவரைப் பிடித்து நடந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே அந்த அறையிலிருந்து வெளியே எடுத்திருந்தால் வேல்விழிக்குக் கால் திரும்பியிருக்கும் என்று பிறகு வேறொரு டாக்டர் சொன்னார். இருக்கலாம். நான் தெரிந்துதான் செய்தேன், யாரும் சொல்லிச் செய்யவில்லை.

மாதம் ஒருமுறை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறேன். என்னைக் கண்டதும் எழப் பார்ப்பாள், முடியாது. கைகளை ஊன்றி, தரையில் தேய்ந்து தேய்ந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். எப்போதுமே கூச்ச சுபாவம் அவளுக்கு.