பதினைஞ்சு இஞ்ச் பெட்டி

ஹலோ… ஹலோ, கேக்குதோ?… ஆர், சண்முகலிங்கமே?… நான் மச்சான், நாகேந்திரம்… ஓம், வெள்ளவத்தையில இருந்துதான்… இல்லை, வீட்டை இருந்து இல்லை. காலி றோட்டில ஒரு கொமினிகேஷன் கடைக்குள்ள நிண்டு கதைக்கிறன்… வீட்டுப் போனுக்கு ஒண்டுமில்லை. வீட்டில காதைக் குடுத்துக்கொண்டு இருப்பினம், அதுதான்… ஓம்.

கொட்டாஞ்சேனையில மழையோ?… இஞ்ச இல்லை… எப்படி இருக்கிறாய்?… ஓ… ஓ… சாப்பிட்டியோ?… ஓம் ஓம், சாப்பிட்டிருப்பாய்தானே. நானும் ஒரு விசரன், பின்னேரம் நாலு மணிக்கு எடுத்துச் சாப்பிட்டியோ எண்டு கேக்கிறன்.

இல்லை, ஒரு விசயமாத்தான் எடுத்தனான். ஞாயிற்றுக்கிழமை கல்கிசையில ஒரு பிறந்தநாள் வாசிப்பு. சின்ன ஹோல், அம்பது அறுபது சனம் வரும். என்ர பேஸ் கிட்டாருக்கு ஒரு அம்ப் எடுக்கோணும். மஹ்ரூப் நானான்ர கடையில ரெண்டு கிடக்கு, பாவிச்சதுதான். எதை எடுக்கிறது எண்டு உன்னட்டக் கேக்காம வேற ஆரிட்டக் கேக்கிறது?… ஆ?… ஓம், எங்கட அம்ப் இருந்தது… அது இப்ப இல்லைத்தானே மச்சான்… ஓம். பொலிஸ் ஸ்ரேசனில. ஓம்… ஓம்…

சரி, நான் சொல்லுறன், நீ கேள். ஒண்டு பன்ரெண்டு இஞ்ச் ஸ்பீக்கர், அறுபது வொட். தூக்கிறதுக்கு லேசு. பஸ்ஸிலயே கொண்டு போகலாம். மற்றது பதினைஞ்சு இஞ்ச், நூற்றி அம்பது வொட். அது ஒரு எருமை மாடு… ஓம், எங்கடை மாதிரித்தான்… ஓம், ட்ரம்ஸ் இருக்கு. அவனைத்தான் உனக்குத் தெரியுமே, மெல்ல அடி எண்டால் கோவிக்கிற ஆள்… அப்ப அறுபது காணாது, பத்தாது எண்டுறாய்… ஓ, தடிச்ச தந்தியைத் தட்டேக்க கரகரக்கும்… விளங்குது… வொட் கூட இருக்கிறது சத்தம் கூட்ட இல்லை, சுத்தமாக் கேக்க… ஓம்… பொறு பொறு, எழுதுறன். பேனை எழுதுதில்லை… சரி, இப்ப சொல்லு.

பின்னால லைன் அவுட் ஓட்டை இருக்கோ?… பார்க்கேல்ல மச்சான். அது என்னத்துக்கு?… ஓ… ஓ, அதில இருந்து ஒரு வயர் மிக்ஸருக்குப் போனால் ஹோல் ஸ்பீக்கரிலயே பேஸ் வரும்… அப்ப சின்னது காணும், நான் வாசிக்கிறது எனக்குக் கேக்கிறதுக்கு மட்டும்… இல்லாட்டிப் பெரிசு… சரி… மூலையில வைக்கக்கூடாது, கும் எண்டு இரையும்… கதிரையில தூக்கி வைக்கோணும்… ஸ்பீக்கரை விரலால மெல்ல அமத்திப் பாக்கோணும், உரசுற சத்தம் கேட்டால் எடுக்கக்கூடாது… ஓம்… ஓம்… என்ன, நீ வந்து பாக்கட்டோ எண்டு கேக்கிறியோ?… ஐசி, அந்த அடையாள அட்டை, கைக்கு வந்தாப் பிறகு… ஓ…

சண்முகம்… டேய், நிப்பாட்டு… இல்லை, விளங்குது. நல்லா விளங்குது. நீ ஏன் எனக்கு இவ்வளவு வடிவாச் சொல்லித்தாறாய்?… கேட்டனான்தான். கேட்டால்? நீ ஏசுவாய் எண்டு நினைச்சன். போனை அடிச்சு வைப்பாய் எண்டு நினைச்சன். நான் அம்ப் கேக்கவே எடுத்தனான்? அஞ்சு நாளா இந்தக் கடை வாசல் மட்டும் வந்து வந்து திரும்பிப் போறன். இண்டைக்கு உள்ள வந்திட்டன், வந்தும் அம்பைப் பற்றிக் கதைக்கிறன்.

மஹ்ரூப் நானா முதல் கேட்டது என்ன தெரியுமோ? பில் எழுதவா தம்பி, ரோட்டுல ஆமி மறிச்சா கேப்பாங்க எண்டார்… ஓம்… எனக்கு அதோட காலும் ஓடேல்ல, கையும் ஓடேல்ல. பார் மச்சான், அம்பைத் தட்டிப் பாக்காமலே அந்தக் கடையிலதான் எடுக்கிறதெண்டு மனசில முடிவெடுத்திட்டன். பில் இருக்கு எண்டதுக்காக. எங்கட பெட்டிக்கு எங்கால பில்? நீ ப்ளைவுட் வெட்டி, உன்ர அக்கான்ர குசினிக்க ரெண்டு மாசம் இருந்து ஈயம் ஒட்டிச் செய்த பெட்டி. நான் கேட்டு, எனக்கெண்டு செய்த பெட்டி.

இல்லை, என்னைச் சொல்ல விடு… விடு எண்டுறன். பெட்டியோட போகேக்க ஆமி எங்க மறிச்சாலும் நீதானே இறங்குவாய். ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துப் பின்பலகையில எட்டு ஸ்க்ரூவையும் கழட்டி, வயரைக் காட்டி, திருப்பிப் பூட்டுவாய். நான் த்ரீவீலுக்க இருந்துகொண்டு ஆமிக்காரனோட சிங்களத்தில பகிடி விடுவன். இப்படித்தானே அஞ்சு மாசமாப் போய் வந்தனாங்கள். போன சனிக்கிழமை நிண்டவன் புது ஆள். வயரைக் கண்டதும் குண்டெண்டு நினைச்சுத் துவக்கை நீட்டினான். பெட்டி ஆற்றை, ஆருக்குச் சொந்தம் எண்டு கேட்டான்…

நீ… நான் அவனுக்கு என்ன சொன்னன் எண்டு உனக்கு விளங்கினதோ?…

ஓ…

ஓ…

உனக்குச் சிங்களம் தெரியாது எண்டு நினைச்சன் மச்சான். வவுனியாவில இருந்து வந்து எட்டு மாசந்தானே, விளங்கியிருக்காது எண்டு நினைச்சன். இந்த அஞ்சு நாளும் அந்த ஒண்டைப் பிடிச்சுக்கொண்டுதான் நித்திரை கொண்டனான்… ஓம்… ஓம், அவ்வளவு சிங்களம் ஆருக்கும் விளங்கும்தான்… ஓம். ‘எயாவ அந்துரன்னே நே.’ இந்த ஆளைத் தெரியாது. அதுதான் சொன்னன். பெட்டி இவன்ரை, றோட்டில கை காட்டினான், ஏத்தினன், கிட்டார் மட்டும்தான் என்ரை எண்டும் சொன்னன். அவங்கட கொப்பியில கையெழுத்தும் வைச்சன்.

இல்லை. ஆரெண்டாலும் அப்படித்தான் சொல்லுவினம் எண்டு நீ சொல்லாதை. எனக்கு பாங்க் வேலை இருக்கு, கொழும்பு விலாசம் இருக்கு, சிங்களம் தண்ணிபட்ட பாடு. அந்த இடத்தில வாய் இருந்தது எனக்குத்தான். உனக்கு ஸ்க்ரூ ட்ரைவர் மட்டும்தான் இருந்தது.

இன்னொண்டையும் கேள். கேட்டிட்டு ஏசு. நான் பிறகு போய் வாசிச்சனான்… ஓம், அண்டைக்கு நாங்கள் வாசிக்கப் போன அந்தக் கலியாண வீட்டுக்கு. உன்னை ஜீப்பில ஏத்தினாப் பிறகு, அதே த்ரீவீலில. கீபோட்காரன்ர அம்புக்க வயரைக் குத்தி மூண்டு மணித்தியாலம் வாசிச்சன். ஒரு குஞ்சுக்கும் பேஸ் கேக்கேல்ல. பிறகு புரியாணியும் சாப்பிட்டன். எலும்பு கிடந்தது, அதையும் சூப்பினன்… சிரிக்காதையடா… வெக்கமாக் கிடக்கு சண்முகம். பஸ்ஸில போகேக்க சும்மா இருந்தாப்போல முகம் சுடுது. கண்ணாடியைப் பாத்து ஷேவ் எடுக்க ஏலாமக் கிடக்கு.

உள்ள வைச்சிருந்த ரெண்டு இரவும் என்ன செய்தவங்கள்?… அடிச்சவங்களோ?… உண்மையைச் சொல்லு… சரி… சரி, கேக்கேல்ல.

ஒரு நிமிசம்… அண்ணை, முடியப்போகுது, கொஞ்சம் பொறுங்கோ… ஓம் அண்ணை, உங்களுக்கு அவசரம் விளங்குது… ஹலோ? ஓம், சொல்லு… உன்ர ஐசியை இன்னும் தரேல்லையோ?… ஓ, நாளைக்கு ஒன்பது மணிக்கு ஸ்ரேசனுக்கு… ஆரைக் கூட்டிக்கொண்டு?… கொழும்பில இருக்கிற ஆள், உன்னைத் தெரிஞ்ச ஆள் வந்து, தெரியும் எண்டு எழுதித் தரோணும்… வராட்டி?… திருப்பி உள்ளயோ?… அப்ப ஆரைக் கேட்டனீ?… உன்ர ரேடியோக்கடை முதலாளி?… மாட்டன் எண்டிட்டாரோ… கீழ் வீட்டு ஆக்கள்?… ஓம், அவையும் பயந்தானே…

நானோ?… மாட்டன் எண்டில்லை மச்சான்… அந்தக் கொப்பியில என்ர கையெழுத்துக் கிடக்குது. சனிக்கிழமை தெரியாது எண்டவன், நாளைக்குப் போய்த் தெரியும் எண்டால்… என்னையும் இருத்தி வைப்பாங்கள். பாங்கில அறிஞ்சால் வேலையும்… என்ன?… ஓம், நீ கேக்கேல்ல. நீ கேக்கேல்லத்தான்… நான் பாரன், நீ கேக்க முதலே சாட்டுச் சொல்லுறன்… பின்னால ஆர் கதைக்கிறது?… ஜெகதீஸ்வரி அக்காவோ?… ஐயோ, வேண்டாம், அக்காட்டக் குடுக்காதை… நான் பேந்து எடுக்கிறன்… சண்முகம், குடுக்காதையடா…

அக்கா!… ஓம் அக்கா, நாகேந்திரம்தான்… இருக்கிறன் அக்கா… என்னத்துக்கு அக்கா எனக்கு நன்றி?… சண்முகம் சொன்னவனோ?… நான் அவனுக்காகக் கதைச்சனான் எண்டோ?… கெஞ்சிக் கேட்டனான் எண்டு… துவக்கைக் காட்டிக் கலைச்சுப்போட்டாங்கள் எண்டு… ஓ… கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனீங்களோ? எனக்கும் சேர்த்தோ?… ஏன் அக்கா எனக்கு மெழுகுதிரி… ஓம்… ஓம்… நாளைக்கு… நான் வருவன் எண்டு நீங்கள் யோசிக்கவே இல்லையோ, அவ்வளவு நம்பிக்கையோ… ஓம்… ஓம் அக்கா… ஓம்…

அக்கா, ஒரு நிமிசம் பொறுங்கோ. இதை இப்ப சொல்லாட்டி இனி என்னால சொல்ல ஏலாது. அவன் உங்களுக்குச் சொன்னது பொய்… இல்லை, அவனை ஏசாதேங்கோ, என்னை நீங்கள் வெறுக்கக்கூடாது எண்டு சொன்ன பொய். நான் அவனுக்காகக் கதைக்கேல்ல அக்கா. இவனைத் தெரியாது எண்டு சொன்னதே நான்தான். என்ர பெட்டியை அவன்ரை எண்டு சொன்னதும் நான்தான்… ஓம்… ஓம் அக்கா… எழுதியும் குடுத்தனான்.

அக்கா?… அழுறீங்களோ?… இல்லையோ… சரி…

ஓம், சொல்லுங்கோ. என்னவும் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்… ஓம்… ஓம், உங்கட குசினியில எத்தினை நாள் சாப்பிட்டிருப்பன்… ஓம்… நாளைக்கோ? வாறன் அக்கா. ஒன்பதுக்கு வந்து நிப்பன்… இருத்தி வைச்சாலும் வைக்கட்டும்… இல்லை, உங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும், விளங்குது… அங்க வந்து வாய் அடைச்சால்… அப்ப நான் என்ன செய்யோணும்?… இப்பவோ?… போனிலயோ?… அவனைத் தெரியும் எண்டுதானே, என்ர சிநேகிதன் எண்டு… சிங்களத்திலயே சொல்லோணுமோ?…

அக்கா, கடைக்குள்ள ஆக்கள் நிக்கினம். பக்கத்தில ஒரு பொலிஸ்காரனும் நிண்டு டயல் பண்ணுறான்… ஓம்… ஓம், அங்கயும் பொலிஸ்காரன்தான் நிப்பான்… சரி… சரி அக்கா.

மம எயாவ அந்துரனவா…

கேக்கேல்லையோ?… ஓம், மெல்லத்தான் வந்தது. பொறுங்கோ, திருப்பிச் சொல்லுறன்…

மம எயாவ அந்துரனவா! எயா மகே யாளுவா!… ஓம் அக்கா, எல்லாரும் திரும்பிப் பாக்கினம்… அந்தப் பொலிஸ்காரனும் பாக்கிறான்… ஆற்றை பெயர்?… அவன்ர பெயருமோ?…

சண்முகலிங்கம்! எயாகே நம சண்முகலிங்கம்!

அக்கா?… ஹலோ?… அக்கா, இவ்வளவும் காணுமோ?… ஹலோ…